ஜோபர்க் குளிர்ல கேஸ் ஹீட்டர் சூடு தரலையா? ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு

ஆப்பிரிக்கான்னா வெயில்தானேன்னு ஒரு ஸ்வெட்டர் கூட இல்லாம வந்து இறங்கறவங்க இன்னும் இருக்காங்க. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,750 மீட்டர் உசரத்துல இருக்கு, நம்ம கணக்குல ஏற்காட்டுக்கு மேல, குன்னூருக்குக் கொஞ்சம் கீழ. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ராத்திரி நாலு அஞ்சு டிகிரிக்கு இறங்கறது சாதாரணம், சில நாள் பூஜ்யத்துக்கும் கீழ போகும், 2023 ஜூலை 10 அன்னிக்கு ஊருக்குள்ளேயே பனி கொட்டுச்சு. ஊர்ல ஆடிக் காத்துல அம்மி பறக்கற நேரத்துல இங்க கோயில்ல மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறவங்க ஜாக்கெட் போட்டுட்டு நிக்கறாங்க. வீடுங்களோ குளிருக்குக் கட்டினதே இல்ல, ஒத்தைக் கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை, சென்ட்ரல் ஹீட்டிங்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாது. அதனாலதான் வீட்டுக்கு வீடு அந்த சக்கரம் வச்ச கேஸ் ஹீட்டர், உள்ள 9 கிலோ சிலிண்டர், முன்னாடி மூணு செராமிக் பேனல். 2022, 2023-ல ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங் (முறை வச்சு மணிக்கணக்கா கரண்டை நிறுத்தறது) ஓடினப்போ கரண்ட் ஹீட்டர் வச்சிருந்தவங்க எல்லாம் இதுக்கு மாறினாங்க, ஏன்னா இதுக்கு கரண்டே வேண்டாம்.

இந்த ஹீட்டர் பத்தலைன்னா, பத்தி நிக்கலைன்னா, எரிஞ்சும் சூடு வரலைன்னா என்ன பாக்கணும்ங்கறதுதான் இது. ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், கீழ எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை: தானா அணையற ஹீட்டர் முக்காவாசி நேரம் சரியாத்தான் வேலை செய்யுது. அது ஏன் அணைச்சுதுன்னு கண்டுபிடிக்கணுமே தவிர, அதை அணைய விடாம பண்ற வழியத் தேடக் கூடாது.

யூட்யூப்ல தேடினா வர்றது எல்லாம் அமெரிக்கா, கனடா வீடியோ. ஃபர்னஸ் ஃபில்டரை மாத்து, தெர்மோஸ்டாட்டை ஹீட்ல வை, ஃப்ளேம் சென்சரைத் தேய், பிரஷர் ஸ்விட்ச் பாருன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் பேஸ்மென்ட்ல நிக்கற, கரண்ட்ல ஓடற, ஃபேன் வச்சு வீடு முழுக்க டக்ட் வழியா சூடு காத்து அனுப்பற பெரிய மெஷினுக்கு. டொரன்டோல இருக்கற உங்க மச்சானுக்கு அனுப்பி வைங்க, அவருக்கு உதவும். நம்ம ஹீட்டர்ல ஃபில்டரும் இல்ல, போர்டும் இல்ல, நீங்க அதைத் தேடி பின்பக்கம் முழுக்கக் கழட்டினதுதான் மிச்சம் ஆகும்.

மொதல்ல மூக்கு

எதையும் தொடறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க. கேஸுக்கு இயல்பா வாசனை கிடையாது, லீக் ஆனா தெரியணும்னுதான் அந்த அழுகின நாத்தத்தைச் சேர்க்கறாங்க. எல்பிஜி காத்தை விட கனம், அதனால தரைலதான் தங்கும், குனிஞ்சு பாருங்க. நாத்தம் பலமா இருந்தா லைட் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம் ஆஃப் பண்ணவும் வேண்டாம், சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னல் திறந்து, எல்லாரும் வெளிய. போனையும் வெளிய போய் எடுங்க. அவசரத்துக்கு 10177, மொபைல்ல இருந்து 112. பத்த வைக்கும்போது ஒரு நொடி லேசா வர்ற வாசனை வேற, அது சகஜம்.

சிலிண்டர் பக்கமா, ஹீட்டர் பக்கமா?

பிரச்சனையை மொதல்ல ரெண்டாப் பிரிச்சா பாதி வேலை முடிஞ்சுது. ப்ராய் (இங்கத்த பார்பிக்யூ) அடுப்புக்கோ சமையலுக்கோ இன்னொரு 9 கிலோ சிலிண்டர் இருந்தா அதை மாட்டிப் பாருங்க. ஹீட்டர் எரிஞ்சுதுன்னா தப்பு சிலிண்டர்லதான், ஹீட்டரைத் தொடவே வேண்டாம். இன்னொண்ணு இல்லையா, பக்கத்து வீட்டுல கேளுங்க, இங்க ப்ராய் போடாத வீடு கம்மி. கேம்பிங்குக்கு வச்சிருக்கற 3 கிலோ, 5 கிலோ சின்ன சிலிண்டருக்கு வாய் வேற மாதிரி, அது இதுல சேராது, வம்பா சேர்க்காதீங்க.

ஊர்ல இருந்து வந்தவங்க மாட்டிக்கறது இந்த இடத்துலதான், கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். நம்ம 14.2 கிலோ சிலிண்டருக்கு ரெகுலேட்டரை மேல வச்சு டக்குன்னு அமுக்கினா உக்காந்துடும், ஸ்விட்சைத் திருப்பினா கேஸ். இங்க அப்படி இல்ல. சிலிண்டர் மேல குழாய் மாதிரி ஒரு கை வீல் இருக்கும், பக்கவாட்டுல ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ள ரெகுலேட்டரோட மூக்கு போகணும், அதுல மரை இடது கை மரை. அதாவது ரெகுலேட்டரை இறுக்க கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தணும், கழட்ட முள் ஓடற பக்கம். ஆனா மேல இருக்கற கை வீல் சாதாரணக் குழாய் மாதிரிதான், எதிர்ப்பக்கம் சுத்தினா திறக்கும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துக்கிட்டு வேற வேற பழக்கம் கேக்கறதால, இறுக்கறேன்னு நினைச்சு ரெகுலேட்டரை லூஸ் பண்ணி வச்சிருக்கறவங்க, திறக்கறேன்னு நினைச்சு வால்வை இன்னும் மூடி வச்சிருக்கறவங்க ரெண்டு கோஷ்டியும் உண்டு. முதல் கோஷ்டி ஆபத்து, ரெண்டாவது கோஷ்டிக்கு வெறும் குளிர்.

மாட்டறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர் மூக்கு நுனில கருப்பு ரப்பர் வளையம் இருக்கான்னு பாருங்க. வெட்டுப்பட்டிருந்தா, காய்ஞ்சு வெடிச்சிருந்தா மாத்தணும், ஹார்ட்வேர் கடைல காசு ரொம்ப ஆகாது. மாட்டினதும் பாத்திரம் கழுவற லிக்விடைத் தண்ணில கலந்து ஸ்பாஞ்சால ஜாயின்ட் மேல தடவுங்க, வால்வைத் திறந்து பாருங்க, முட்டை முட்டையா நுரை வந்தா லீக். தீக்குச்சி வச்சு லீக் பாக்கற ஆளுங்களும் இருக்காங்க, அந்தப் பெரிய மனுஷங்க வீட்டுக்குப் போகாதீங்க.

ரெகுலேட்டர்ல 2.8 கிலோபாஸ்கல்னு போட்டிருக்கணும், வீட்டு ஹீட்டர், அடுப்பு எல்லாத்துக்கும் இங்க அந்த அழுத்தம்தான். நாப் வச்சு கூட்டிக் குறைக்கற ஹை பிரஷர் ரெகுலேட்டர்னு ஒண்ணு விப்பாங்க, கல்யாணத்துக்கு அண்டா வைக்கற பெரிய பர்னருக்கு. அது பாக்க ஸ்ட்ராங்கா இருக்குன்னு ஹீட்டர்ல மாட்டக் கூடாது. ஊர்ல இருந்து பெட்டில ரெகுலேட்டர் கொண்டு வந்திருந்தா அது இங்க மாட்டவே மாட்டாது, ஞாபகார்த்தமா வச்சுக்கங்க.

கேஸ் இருக்கான்னு எப்படிப் பாக்கறது? ஆட்டிப் பாத்து சொல்றது எல்லாம் குத்துமதிப்பு. சிலிண்டர் கழுத்துல வெறும் எடையைப் பொறிச்சிருப்பாங்க. குளியலறை எடை மெஷின்ல சிலிண்டரை வச்சு அதைக் கழிச்சுடுங்க. பொறிச்சிருக்கறது 10.5 கிலோ, மெஷின் காட்டறது 11 கிலோன்னா உள்ள அரைக் கிலோதான் கேஸ், அதுவும் குளிர் ராத்திரில ஒழுங்கா வராது. ஒரு கணக்கு வச்சுக்கங்க: 4.2 கிலோவாட் ஹீட்டரை மூணு பேனலும் போட்டு ஃபுல்லா எரிச்சா மணிக்கு சுமார் 330 கிராம் போகும், அப்ப 9 கிலோ சிலிண்டர் கிட்டத்தட்ட 27 மணி நேரம். சாயந்திரம் நாலு மணி நேரம் எரிச்சா ஒரு வாரம் தாண்டாது. போன மாசம்தானே மாத்தினோம்னு சத்தியம் பண்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

சிலிண்டர் வெளிய பால்கனில நிக்குதுன்னா இன்னொரு தொல்லை. உள்ள திரவமா இருக்கறது கொதிச்சு கேஸா மாறித்தான் வெளிய வருது, அதுக்குச் சூடு வேணும், அந்தச் சூட்டை சிலிண்டர் உடம்புல இருந்தே எடுத்துக்கும். ப்ரொபேன் மைனஸ் 42 டிகிரிலயே கொதிக்கும், ஆனா ப்யூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்யத்துல நின்னுடும், சிலிண்டர்ல ரெண்டும் கலந்து இருக்கு. அதனால விடிகாலைல, சிலிண்டரும் கால்வாசி இருக்கும்போது, அழுத்தம் விழுந்து ஜ்வாலை சுருங்கும், பேனல் மங்கும். வெயில் வந்ததும் தானா சரியாகும். சிலிண்டரை ஹீட்டர் பக்கத்துல வச்சு சூடு காட்டறது, கொதி தண்ணி ஊத்தறது, இதெல்லாம் கனவுல கூட வேண்டாம்.

ட்யூப் மடிஞ்சிருக்கான்னும் பாருங்க. சிலிண்டரை உள்ள தள்ளி பின் மூடியை மூடும்போது ட்யூப் நசுங்கறது ரொம்ப சகஜம், வெளிய இருந்து பாத்தா தெரியாது. ட்யூப்ல வெடிப்பு இருந்தா டேப் சுத்தாம புதுசு வாங்குங்க.

பத்த வைக்கற முறை, அவசரப்படாம

நிறைய ஹீட்டருக்கு ரிப்பேரே இல்ல, பத்த வைக்கறதுலதான் கோளாறு. சிலிண்டர் வால்வை மெதுவா, ஒரு சுத்து ஒன்றரைச் சுத்து திறங்க. ஹீட்டர் நாப்பை பைலட் (பேனலைப் பத்த வைக்கற குட்டி ஜ்வாலை) குறிக்குத் திருப்பி நல்லா உள்ள அமுக்குங்க, பாதி அமுக்கினா பத்தாது. அமுக்கிக்கிட்டே ஒரு அரை நிமிஷம் சும்மா இருங்க, புது சிலிண்டர் மாட்டினா ட்யூப்ல இருக்கற காத்து முதல்ல போகணும், அதுக்கு இன்னும் கொஞ்சம் கூட எடுக்கும். அப்புறம் இக்னிஷன் பட்டனை டக் டக்னு அடிங்க. சின்னதா நீல ஜ்வாலை வந்ததும் எல்லாரும் பண்ற வேலை நாப்பை விட்டுடறது. விடாதீங்க! இன்னும் 20, 30 செகண்ட் அமுக்கிப் பிடிச்சே இருக்கணும். அதுக்கப்புறம் மெதுவா விட்டு, ஒரு நிமிஷம் பைலட்டை எரிய விட்டு, முதல் பேனலுக்குத் திருப்புங்க, அது செவந்ததும் ரெண்டாவது, மூணாவது.

பத்தலைன்னா நாப்பை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டுட்டுத் திரும்ப ஆரம்பிங்க. விடாம கேஸ் திறந்துக்கிட்டே பட்டனை அடிச்சா சேர்ந்திருக்கற கேஸ் மொத்தமா புஸ்ஸுனு பத்தும், புருவம் போகும்.

ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கணும்னா, பைலட் ஜ்வாலைக்குள்ள ஒரு பென்சில் நுனி மாதிரி நீட்டிட்டு இருக்கே, அதுதான் தெர்மோகப்புள். ரெண்டு வேற வேற உலோகம் சேர்ந்த முனை, அது சூடானா 20, 30 மில்லிவோல்ட் கரண்ட் உண்டாகும், ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா வால்வுக்குள்ள இருக்கற குட்டி காந்தத்தைப் பிடிச்சு வைக்க அது போதும். நாப்பை அமுக்கும்போது கையால திறந்து வச்சிருக்கீங்க, விட்டதும் அந்தக் காந்தம் பிடிக்கணும். முனை சூடாகலைன்னா பிடிக்காது, கேஸ் நிக்கும், பைலட் அணையும். ஜ்வாலை இல்லாம கேஸ் மட்டும் வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்கறதுக்கு இதுதான் ஒரே காவல்.

என்ன ஆகுதுன்னு பாத்து தேடுங்க

பட்டன் அடிச்சா ஸ்பார்க்கே தெரியலையா? ரூம் லைட்டை அணைச்சுட்டு, கேஸை மூடிட்டு அடிச்சுப் பாருங்க, இருட்டுல நீலப் பொறி தெரியணும். தெரியலைன்னா வெள்ளைப் பீங்கான் குச்சி உடைஞ்சிருக்கலாம், ஒயர் கழண்டிருக்கலாம், நுனில தூசியோ கரியோ படிஞ்சிருக்கலாம். காய்ஞ்ச துணியால துடைங்க. ஹீட்டரோட மேனுவல் விடுதுன்னா நீளமான லைட்டர் வச்சு பைலட்டைப் பத்த வைக்கலாம், ஸ்பார்க் போனதுனால மட்டும் ஹீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஸ்பார்க் வருது, பைலட் பத்தல, சிலிண்டர்ல கேஸும் நல்லா இருக்குன்னா பைலட் வழி அடைச்சிருக்கு. எட்டு மாசம் கராஜ்ல சும்மா நின்ன ஹீட்டர்ல சிலந்தி கூடு கட்டும், தூசி அடையும். கேன்ல வர்ற அழுத்தக் காத்து, கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடிப்போமே அதை, பைலட் பக்கவாட்டுல இருக்கற காத்து ஓட்டைல அடிங்க. ஊசி, சேஃப்டி பின், கம்பி எதையும் விடாதீங்க. பைலட் ஓட்டை ரொம்ப நுணுக்கமா அளந்து போட்டது, கொஞ்சம் பெருசாச்சுன்னா அணைய வேண்டிய நேரத்துல அணையாது.

நல்லா எரியுது, கையை விட்டதும் அணையுது. நேரம் பத்தாம விட்டீங்களான்னு பாருங்க, அது இல்லைன்னா ஜ்வாலை தெர்மோகப்புள் முனையை நல்லாத் தழுவுதான்னு குனிஞ்சு பாருங்க. சோம்பேறியா மஞ்சளா எங்கயோ பாத்து எரிஞ்சா பைலட்ல அழுக்கு. ஜ்வாலை சரி, முனைல கரின்னா, ஆறின பிறகு மெல்லிய உப்புத் தாளால லேசா தேய்ங்க. அதுவும் சரின்னா தெர்மோகப்புள் ஒயர் போய் வால்வுல சேர்ற நட் லூஸா இருக்கும், கையால இறுக்கி அதுக்கு மேல ஸ்பேனர்ல கால் சுத்து, அவ்வளவுதான். இவ்வளவும் பண்ணி நிக்கலைன்னா தெர்மோகப்புள் செத்துப் போச்சு. சில மாடல்ல அது மட்டும் தனியா கிடைக்கும், சிலதுல பைலட்டோட மொத்த செட்டாத்தான் வரும், அதை டெக்னீஷியன் கிட்ட விடுங்க.

நாப்பை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டறது, குச்சி வச்சு முட்டுக் கொடுக்கறதுன்னு ஒரு குறுக்கு வழி நம்ம ஆளுங்க சொல்லித் தருவாங்க. ராத்திரி காத்து அடிச்சு ஜ்வாலை அணைஞ்சா கேஸ் நிக்காம வந்துக்கிட்டே இருக்கும், குழந்தைங்க தூங்கற தரை மட்டத்துல தங்கும். யாரு எவ்வளவு பெரிய இன்ஜினியரா இருந்து சொன்னாலும் கேக்காதீங்க.

அரை மணி, ஒரு மணி நேரம் ஜம்முனு எரிஞ்சு அப்புறம் அணையுது, கொஞ்ச நேரம் கழிச்சுப் பத்த வச்சா திரும்ப எரியுது. ஹீட்டர் கெட்டுப் போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடறது இதுக்குத்தான், ஆனா இதுலதான் ஹீட்டர் மேல தப்பே கிடையாது. இந்த ஹீட்டருக்கு சிம்னி கிடையாது, எரியறதுக்கு வேண்டிய ஆக்சிஜனை உங்க ரூம்ல இருந்தே எடுக்குது, புகையை ரூம்லயே விடுது. சாதாரணக் காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம். அது 18 சதவீதத்துக்குப் பக்கத்துல இறங்கும்போது பைலட் ஜ்வாலை நிலை கொள்ளாம தெர்மோகப்புளை விட்டு விலகற மாதிரி அந்த பைலட்டை வடிவமைச்சிருக்காங்க, முனை ஆறுது, வால்வு மூடுது. ஓ.டி.எஸ்.னு மேனுவல்ல போட்டிருக்கறது இதைத்தான். குளிருதுன்னு ஜன்னல் சந்துல எல்லாம் துணி சொருகி, கதவுக்குக் கீழ பாயை உருட்டி வச்சு, உள்ள ஆறு பேர் உக்காந்து படம் பாத்தா அது அணையத்தான் செய்யும். ஜன்னலை ரெண்டு விரல்கடை திறந்து வைங்க, முடிஞ்சா ரூமோட எதிர் எதிர் பக்கத்துல. சூடு போயிடுமேன்னு தோணும், கொஞ்சம் போகும்தான்.

ஜோபர்க் உசரமும் இதுல சேர்ந்துக்கும். கடல் மட்டத்துல காத்தழுத்தம் 101 கிலோபாஸ்கல், ஜோபர்க்ல 83 பக்கம். ஒரே மூச்சுல கிடைக்கற ஆக்சிஜன் அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஓ.டி.எஸ். பைலட்டுங்க உயரமான இடத்துல அணைஞ்சு அணைஞ்சு படுத்தறது தெரிஞ்ச விஷயம், கடலோரத்துல இருக்கற டர்பன்ல நல்லா ஓடின ஹீட்டர் இங்க வந்து முரண்டு பண்ணுதுன்னா ஆச்சரியப்படாதீங்க. இங்க பைலட் சுத்தமா இருக்கறதும் ஜன்னல் திறந்திருக்கறதும் அங்க விட ரொம்ப முக்கியம். வாங்கும்போதே ஹைவெல்டுக்கு, அதாவது இந்த மேட்டு நிலத்துக்கு, ஒத்து வருமான்னு கடைல கேட்டு வாங்குங்க.

கதவுல இருந்து நேருக்கு நேரா காத்து அடிச்சாலும் பைலட் ஆடி அணையும், இடத்தை மாத்திப் பாருங்க. சாய்ஞ்சா அணையற ஸ்விட்ச் இருக்கற மாடல்னா கார்பெட் ஓரத்துல ஒரு சக்கரம் ஏறி நின்னாலே போதும், பிடிவாதமா பத்தாது.

ஒரு பேனல் மட்டும் பத்தாம இருந்தா அந்தப் பேனல்ல வெடிப்பு இருக்கா பாருங்க, வெடிச்ச செராமிக்கை எரிக்கக் கூடாது, உள்பக்கம் தீ தாவும். எல்லாப் பேனலும் எரியுது ஆனா ஆரஞ்சாச் செவக்காம மங்கலா இருக்குன்னா அழுத்தக் குறைவு, மேல சிலிண்டர் பத்தி சொன்னதைத் திரும்பப் பாருங்க. எல்லாம் சரி, ஹீட்டரும் செக்கச் செவேல்னு இருக்கு, ரூம் மட்டும் சூடாகலைன்னா உங்க ரூம் பெருசு, அவ்வளவுதான். மேல கூரை உயரமா, ஓப்பன் கிச்சனோட சேர்ந்த ஹாலை ஒரு ஹீட்டர் சூடு பண்ணாது, உங்களை நோக்கித் திருப்பி வச்சுட்டு மூணு அடி தள்ளி உக்காருங்க, திரைச்சீலை, சோஃபாவுல இருந்து தூரமா.

காலைல ஜன்னல் எல்லாம் வியர்த்து வழியுதுன்னு கேக்கறாங்க. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரைக் கிலோவுக்கு மேல நீராவி வரும், அது போய் குளிர்ந்த கண்ணாடில படியுது. லீக் இல்ல, பயப்படாதீங்க, துடைச்சு விடுங்க, இல்லைன்னா பூஞ்சை பிடிக்கும்.

எதுக்குப் பயப்படணும்னா

மஞ்சள் ஜ்வாலை, பேனல் மேல கருப்புப் புகைக் கரி, கண் எரிச்சல். இதெல்லாம் கேஸ் முழுசா எரியலைங்கறதுக்கு அடையாளம், அப்ப கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல, கேஸ்ல சேர்த்த நாத்தம் கூட எரிஞ்சு போயிருக்கும். வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், அசதி, வெளிய போனா தெளியுதுன்னா குளிர் ஜுரம்னு நினைச்சு மிளகு ரசம் வச்சுக் குடுத்துட்டு படுக்க வைக்காதீங்க. ஹீட்டரை அணைச்சு, ஜன்னல் திறந்து, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போய் டாக்டரைப் பாருங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம்னு தனியா விக்குது, புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, ஒண்ணு வாங்கி மாட்டுங்க. பெட்ரூம்ல ராத்திரி முழுக்க எரிய விடறது, பாத்ரூமுக்குள்ள உருட்டிட்டுப் போறது ரெண்டும் கூடாது. ஊர்ல இருந்து பிரசவம் பாக்க வந்திருக்கற அம்மாக்கள் கிட்ட இதை அழுத்திச் சொல்லுங்க, பேரக் குழந்தைக்குக் குளிருதுன்னு ஜன்னலைச் சாத்திட்டு ஹீட்டரைத் தொட்டில் பக்கத்துல வைக்கறது அவங்கதான்.

தண்ணி சூடாகலைன்னா

சுவத்துல மாட்டின கேஸ் கீசர் பத்தியும் கேக்கறாங்க, சுருக்கமா சொல்றேன். பேட்டரி மாடல்னா உள்ள ரெண்டு பெரிய டி சைஸ் பேட்டரி இருக்கும், குழாயைத் திறந்ததும் டிக் டிக் சத்தம் வரலைன்னா முதல்ல அதை மாத்துங்க. சத்தம் வருது பத்தலைன்னா கேஸ் வருதான்னு பாருங்க. சத்தமும் இல்ல, பேட்டரியும் புதுசுன்னா தண்ணி அழுத்தம் பத்தல, கீசருக்கு ஒரு அளவு ஓட்டம் இருந்தாத்தான் அது முழிக்கும், தண்ணி உள்ள போற இடத்துல சின்ன வலை இருக்கும், அதுல மண் அடைச்சிருக்கும், கழட்டிக் கழுவுங்க. குளிர் காலத்துல எரிஞ்சும் வெதுவெதுன்னுதான் வருதுன்னா குறையில்ல, உள்ள வர்ற தண்ணியே ஜில்லுனு வருது, அதே ஜ்வாலை அவ்வளவுதான் ஏத்தும், ஷவரைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க, சூடு ஏறும்.

யாரைக் கூப்பிடறது

உருட்டற ஹீட்டருக்குச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். கீசர், சுவர் ஹீட்டர், வெளிய சிலிண்டர் வச்சு குழாய் இழுத்த அடுப்பு, இப்படி நிரந்தரமா பொருத்தின எதையும் பதிவு பெற்ற ஆள்தான் தொடணும், 2009 அழுத்தக் கருவி விதிகள்படி முடிச்சதும் சி.ஓ.சி. சான்றிதழ் (வேலை விதிப்படி இருக்குங்கறதுக்கு) தரணும். ஆள் வந்ததும் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் (கேஸ் வேலை பாக்கறவங்களைப் பதிவு பண்ற அமைப்பு) கார்டைக் காட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க, நல்ல ஆளுங்க கேக்கறதுக்கு முன்னாடியே காட்டுவாங்க. வாடகை வீடுன்னா அந்தச் சான்றிதழ் வீட்டுக்காரர் கிட்ட இருக்கான்னு குடி போறதுக்கு முன்னாடியே கேளுங்க, இல்லாம ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கை விரிச்சுடலாம். ஃப்ளாட்ல எத்தனை சிலிண்டர், எங்க வைக்கலாம்னு பாடி கார்ப்பரேட்டுக்கு (ஃப்ளாட் சொந்தக்காரங்க சங்கம்) தனி விதி இருக்கும், அதையும் வாங்கிப் படிச்சுடுங்க.

செப்டம்பர்ல குளிர் விட்டதும் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழட்டி, காத்தோட்டமான இடத்துல நிமிர்த்தி வைங்க, படுக்க வைக்காதீங்க. ஹீட்டரைத் துடைச்சு பழைய பெட்ஷீட் போட்டு இறுக்கி மூடிடுங்க, சிலந்தி போகாம இருக்கும். அடுத்த வருஷம் ஏப்ரல்லயே ஒரு நாள் சும்மா பத்த வச்சுப் பாருங்க, ஏதாவது கோளாறுன்னா அப்பவே டெக்னீஷியனைப் பிடிச்சுடலாம், முதல் கோல்ட் ஃப்ரண்ட், அதாவது குளிர் அலை, அடிச்ச வாரத்துல எவரும் போனே எடுக்க மாட்டாங்க.